உப்பிய மேசையும் ஊர் தூக்கும் தேரும்



இந்த மாதம் இந்தப் பக்கத்தைத் தரையில் கோரைப்பாய் விரித்து, மடியில் பரீட்சை அட்டையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அலுவலக மேசை போய்ச் சேர்ந்துவிட்டது. வாங்கி மூன்று வருடம்தான் ஆகிறது. கடையில் பார்க்கும்போது தேக்கு நிறத்தில் கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஐப்பசி அடைமழையில் ஜன்னல் வழியாகச் சாரல் அடித்ததில் ஒரு பக்கம் உப்பியது, அப்புறம் தோல் உரிந்தது, போன வாரம் சரிந்தே விட்டது. ஆசாரி ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். விரலால் ஒரு சுண்டு சுண்டிப் பார்த்தார்.

"இது மரமில்ல சார். மரத்தூளப் பசை போட்டுப் பிசைஞ்சு தட்டுன அடை. இதுல ஆணி நிக்காது, கழுந்து எடுக்க முடியாது. நான் என்னத்த ரிப்பேர் பண்றது?"

அதே வாரம் காட்டுப்புத்தூர் வாசகி ஒருவரின் கடிதம் வந்தது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் இருக்கும் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அந்த வீட்டில் ஓர் ஆடும் நாற்காலி, ஆணி எங்கே என்று தேடினாலும் கிடைக்காத வேலை. அதைச் செய்தவர் வீட்டில் கரண்ட் கிடையாது, கார் கிடையாது, எங்கே போனாலும் குதிரை வண்டிதான் என்று மகள் சொல்ல, இவர் நம்பவில்லை. கூட்டிப்போய்க் காட்டிய பிறகுதான் நம்பினாராம். 'இங்கே வந்து சொன்னால் கதை விடுகிறேன் என்கிறார்கள். நீங்கள் எழுதினால் நம்புவார்கள்' என்று முடித்திருந்தார். அச்சில் வந்தால் உண்மை என்று நினைக்கும் கடைசித் தலைமுறை! அவருக்காகவாவது எழுதிவிட வேண்டும்.

கதையில்லை அம்மா. ஆமிஷ் என்று அவர்களுக்குப் பெயர். விவரம் தெரிந்த வயதில்தான் ஞானஸ்நானம், கையில் ஆயுதம் எடுப்பதில்லை என்று உறுதியாக நின்ற ஒரு கிறிஸ்தவக் கூட்டம் சுவிட்சர்லாந்திலும் அதை ஒட்டிய அல்சாஸிலும் இருந்தது. 1693-இல் அதற்குள் ஒரு சண்டை. இன்னும் கட்டுப்பாடு வேண்டும் என்று பிரிந்தவர்களுக்குத் தலைவர் யாக்கோப் அம்மான். அவர் பெயரிலிருந்துதான் ஆமிஷ். (பெயரைக் கேட்டதும் தாய்மாமன் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.) ஐரோப்பாவில் அடி தாங்காமல் 18-ஆம் நூற்றாண்டில் கப்பலேறிப் பென்சில்வேனியாவுக்கு வந்தார்கள். பிறந்த மண்ணில் இன்று ஒரு ஆமிஷ் சபைகூட மிச்சமில்லை. அமெரிக்காவிலோ 1900-இல் சில ஆயிரம் பேராக இருந்தவர்கள் இப்போது நான்கு லட்சத்தை ஒட்டி இருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் லான்காஸ்டர், ஒஹையோவில் ஹோம்ஸ் ஆகிய மாவட்டங்கள் அவர்களுடைய பெரிய இருப்பிடங்கள். வீட்டில் இன்னும் பழைய ஜெர்மன் வட்டார வழக்கைத்தான் பேசுகிறார்கள். நம்மவர்கள் மூன்றாவது தலைமுறையில் தமிழைத் தொலைப்பதை நினைத்தால், பத்துத் தலைமுறையாக அதைக் காப்பாற்றியதற்கே ஒரு கும்பிடு போடலாம்.

இவர்கள் இயந்திரத்தை வெறுப்பவர்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியில்லை. ஹோம்ஸ் மாவட்டத்துப் பட்டறைகளில் ரம்பமும் இழைக்கும் மெஷினும் ஓடத்தான் செய்கின்றன. கொட்டகைக்கு வெளியே ஒரு டீசல் என்ஜின் இருக்கும். அது காற்றை அழுத்திக் குழாயில் அனுப்பும், அந்தக் காற்றின் வேகத்தில் கருவிகள் சுழலும். வெளியிலிருந்து வரும் மின்கம்பி மட்டும் வேண்டாம் என்கிறார்கள். தொலைபேசியும் அப்படித்தான். பல ஊர்களில் அது வீட்டுக்குள் இருக்காது, வேலியோரம் ஒரு சின்னக் குச்சிலில் இருக்கும். அவசரத்துக்குப் போய்ப் பேசலாம். பேச்சுக்கு நடுவே மணியடித்து எல்லோரையும் எழுப்பக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. ஒவ்வொரு சபைக்கும் இப்படி எழுதாத சட்டம் உண்டு. எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று வருடத்துக்கு இரண்டு முறை கூடிப் பேசுகிறார்கள். புதிதாக ஒரு சாமான் வந்தால் அவர்கள் கேட்கும் கேள்வி விலை பற்றியதல்ல. இது வந்தால் நாம் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது குறையுமா என்பதுதான். நம் வீடுகளில் டிவி நுழைந்த நாளில் யாராவது இதைக் கேட்டிருப்பார்களா? நான் கேட்கவில்லை. ஆன்டெனாவைத் திருப்ப மொட்டை மாடிக்கு ஓடினேன்.

மரவேலைக்கு அவர்கள் வந்ததுகூட ஆசைப்பட்டு இல்லை. விவசாயம்தான் குலத்தொழில் மாதிரி. வீட்டுக்கு ஏழெட்டுப் பிள்ளைகள், ஆனால் நிலம் வளரவில்லை, விலைதான் வளர்ந்தது. ஏர் ஓட்ட நிலம் இல்லாத பையன்கள் பட்டறை போட்டார்கள். இன்று பெரிய ஆமிஷ் ஊர்களில் விவசாயத்தை மட்டும் நம்பிப் பிழைப்பவர்கள் சிறுபான்மை. ஓக், செர்ரி, மேப்பிள், ஹிக்கரி என்று அந்த மண்ணின் மரங்கள். ஒரு பட்டறையில் நாற்காலி மட்டும் செய்வார்கள், அடுத்ததில் மேசை மட்டும், இன்னொன்றில் பாலிஷ் மட்டும். ஒரு சாப்பாட்டு மேசை நான்கு வாசல் ஏறி இறங்கித்தான் கடைக்குப் போகும். யாரும் மற்றவரை விழுங்கிப் பெரிய கம்பெனி ஆகாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு வழி என்று தோன்றுகிறது.

ஆனால் அவர்கள் செய்கிற மரச்சாமான்களில் என் மனதைத் தொட்டது விற்பனைக்கு இல்லாத ஒன்று. ஒரு சாதாரண பெஞ்சு. ஆமிஷ் மக்கள் பெரும்பாலும் கோயில் கட்டுவதில்லை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஞாயிற்றுக்கிழமை வழிபாடு, முறை வைத்து ஒவ்வொருவர் வீட்டிலும். அத்தனை பேர் உட்கார வேண்டுமே! அதற்காகச் சபைக்குப் பொதுவாகச் சாய்மானம் இல்லாத நீள பெஞ்சுகளும், அவற்றை ஏற்றிப்போக ஒரு வண்டியும் உண்டு. குதிரை பூட்டிய அந்த வண்டி வீடு வீடாகப் போய்க்கொண்டே இருக்கும். வழிபாடு முடிந்ததும் அதே பெஞ்சுகளைச் சேர்த்துத் தாங்குகட்டையில் ஏற்றினால் சாப்பாட்டு மேசை. ஒரு சபையில் இருபத்தைந்து முப்பது குடும்பங்கள் இருக்கும். அதற்கு மேல் போனால் வீடு கொள்ளாது, ஆகவே சபையை இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். ஒரு சமூகம் எவ்வளவு பெரிதாகலாம் என்பதை ஒரு கூடத்தின் அகலம் தீர்மானிக்கிறது!

போதகரைத் தேர்ந்தெடுக்கும் விதத்தைச் சொல்லாமல் போனால் நம் வாசகர்கள் மன்னிக்கமாட்டார்கள். சபையோர் முன்மொழிந்த ஆட்கள் எத்தனை பேரோ அத்தனை பாட்டுப் புத்தகங்களை வரிசையாக வைப்பார்கள். ஒன்றுக்குள் மட்டும் ஒரு துண்டுச் சீட்டு. அந்தப் புத்தகத்தை எடுத்தவர் ஆயுள் முழுக்கப் போதகர், சம்பளம் கிடையாது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை படித்தவர்களுக்கு இது புதிதில்லை. நம்முடையதில் குடும்பு, நிலம், படிப்பு என்று தகுதி நிபந்தனைகள் அதிகம்.

அடுத்து, அவர்கள் களஞ்சியம் எழுப்பும் நாள். மாடும் வைக்கோலும் தானியமும் ஒரே கூரையின்கீழ் இருக்கிற பெரிய மரக்கட்டடம் அது. ஒருவருடையது தீப்பிடித்துப் போனால் சுற்றுவட்டாரமே திரண்டு வரும். உத்திரங்களை முன்கூட்டியே செதுக்கித் துளையும் கழுந்தும் எடுத்து வைத்திருப்பார்கள். விடிந்ததும் நூற்றுக்கணக்கான ஆண்கள் ஒரே மூச்சில் சட்டங்களைத் தூக்கி நிறுத்த, பெண்கள் சமையல் பார்க்க, அந்தி சாய்வதற்குள் கட்டடம் நிற்கும். இன்சூரன்ஸ் அவர்களுக்கு ஆகாது. எங்கள் முதியவர்களை எங்கள் ஆட்களே பார்த்துக்கொள்வார்கள், அரசாங்க ஓய்வூதியம் எங்களுக்கு வேண்டாம் என்று வாதாடி 1965-இல் விலக்கும் வாங்கிவிட்டார்கள். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து பார்த்தவர்களுக்குப் பாதி புரியும். ஆனால் மொய்யில் நோட்டுப் புத்தகம் உண்டு, கணக்கு உண்டு. களஞ்சியத்துக்குத் தோள் கொடுத்ததை எந்த நோட்டில் எழுதுவது?

இந்த இடத்தில் தொட்டியத்துக்காரர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்திருக்கும். மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஊர் கூடித் தேர் இழு என்பது உலகத்துக்கு. எங்கள் ஊரில் தேரை இழுப்பதில்லை, தூக்குவோம். பங்குனியில் மதுரகாளியம்மன் திருவிழாவில் இரண்டு தேர்கள், ஒவ்வொன்றும் 30 அடியை ஒட்டிய உயரம். சக்கரம் கிடையாது. அடியில் நீள மரங்கள், அந்த மரங்களுக்கு அடியில் தோள்கள். முன்னால் போகிறவனுக்குப் பின்னால் இருப்பவன் முகம் தெரியாது, ஆனால் அவன் ஓர் அடி தவறினால் இவன் எலும்புக்குத் தெரியும். ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளைச் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளுக்குச் சிம்மகதி, சர்ப்பகதி என்று நடையிலேயே இலக்கணம் இருக்கிறது. எங்கள் தேர் நடைக்கு அப்படிப் பெயர் ஒன்றும் இல்லை. தோள் மாற்றும்போது ஒரு கூச்சல் எழும், அதுதான் இலக்கணம். சென்னையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் பையன்கள் தீபாவளிக்கு வராவிட்டாலும் இதற்கு வந்துவிடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் தோள் கொடுத்தவன். இப்போது தண்ணீர்ப் பந்தலோடு சரி.

இதையெல்லாம் எழுதும்போது பேனா கொஞ்சம் தித்திக்கத்தான் செய்கிறது. அதனால் கசப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆமிஷ் பிள்ளைகளுக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய் அந்த உரிமையை வாங்கினார்கள். டாக்டராக ஆசைப்படும் ஒரு பெண்பிள்ளைக்கு அந்தத் தீர்ப்பு என்ன கொடுத்தது? ஞானஸ்நானம் எடுத்த பிறகு சபையை விட்டுப் போனவரோடு சொந்த வீட்டார்கூட ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. ஊர்விலக்கு என்ற சொல்லை உண்டாக்கிய நாம் இதைக் கேட்டு அதிர்ச்சி அடைவதுபோல் நடிக்க வேண்டாம். ஊர் தூக்கும் தோளும் ஊர் தள்ளும் கையும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன. என்னை அங்கே போய் இருக்கச் சொன்னால் ஒரு வாரம் தாங்கமாட்டேன், இரண்டாம் நாளே செய்தித்தாள் கேட்பேன்.

சரி, அந்த நாற்காலிக்காக ஒஹையோவரை போக வேண்டுமா? முசிறி, துறையூர் வழியாகப் போனால் பச்சைமலையைச் சுற்றி இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டி, இன்னொரு பக்கம் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர். பழைய கணக்கில் அரும்பாவூர் நம் திருச்சி ஜில்லாதான். அங்கே தெருவில் நடந்தால் வாசலுக்கு வாசல் கொட்டாப்புளிச் சத்தம் கேட்கும். வாகை, மா, வேம்பு என்று ஒரே கட்டையில், ஒட்டுப் போடாமல், சாமி உருவங்களைச் செதுக்குகிறார்கள். 2020-இல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல விஷயம். ஆனால் குறியீடு பெயரைக் காக்கும், பிள்ளையின் கையில் உளியை எடுத்துக் கொடுக்காது. ஆமிஷ் பையன் அப்பா பட்டறையில் நிற்பதற்கு அவன் ஊரே காரணம். நம் பையன் நிற்க வேண்டுமானால் யாராவது வாங்க வேண்டும்.

இன்னும் பக்கத்தில் பார்த்தால் நான் உட்கார்ந்திருக்கும் இந்தப் பாய். காவிரிக் கரையில் வாழைக்கு அடுத்தபடி நம் தொட்டியம், முசிறிப் பக்கத்து வயல்களில் நிற்பது கோரைதான். ஒரு தடவை நட்டுவிட்டால் பல வருடம் அறுக்கலாம். அறுத்து, கிழித்து, வெயிலில் காயப்போட்டு, கட்டுக் கட்டித் தறிக்கு அனுப்புகிறோம். நாற்காலியும் கட்டிலும் வருவதற்கு முன்னால் நம் வீட்டின் மொத்த மரச்சாமானும் சுருட்டி மூலையில் சாய்த்து வைக்கக் கூடியதாகத்தான் இருந்தது. விருந்தாளி வந்தால் பாயை விரி, போனால் சுருட்டு. கல்யாணத்துக்குப் பத்துப் பாய் குறைந்தால் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள். யோசித்தால் அந்தப் பெஞ்சு வண்டியின் வேலையை நம் தெருவில் பாய்தான் பார்த்திருக்கிறது. பிளாஸ்டிக் பாய் வந்து கோரையின் வியாபாரத்தைக் குலைத்த கதை உங்களுக்குத் தெரியும், மேசை கதைதான் அதுவும்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் இருக்கும் பழைய மரச்சாமான் ஒன்றைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். ஊஞ்சல் பலகை, அஞ்சறைப்பெட்டி, தாத்தாவின் சாய்வு நாற்காலி, கால் ஆடும் முக்காலி, எதுவானாலும் சரி. யார் செய்தது, எந்த மரம், எத்தனை பேர் கை மாறியது என்று விசாரித்து எழுதுங்கள். வருகிற இதழ்களில் போடுகிறோம். காட்டுப்புத்தூர் அம்மா, அந்த ஆடும் நாற்காலியின் போட்டோ இருந்தால் அனுப்புங்கள். செய்தவரைப் படம் எடுக்கவில்லையே? அவர்கள் படத்துக்கு நிற்க விரும்பமாட்டார்கள்.

புது மேசைக்கு ஆசாரியிடமே சொல்லிவிட்டேன். போன வருடக் காற்றில் சாய்ந்த ஒரு வேம்பை வாங்கி அறுத்து, பலகைக்கு நடுவே குச்சி வைத்து நிழலில் அடுக்கியிருக்கிறார். எப்போது கிடைக்கும் என்று கேட்டேன்.

"மரம் காயணும் சார். ஈரத்தோட செஞ்சா முறுக்கிக்கும். மாசிக்கு முன்னாடி கேக்காதீங்க."

"மாசியில் கட்டாயம் கிடைத்துவிடுமா அண்ணே?"

"மாசியில வாங்கிக்கிட்டாத்தான் உண்டு. பங்குனி பொறந்தா பட்டறை பூட்டிருக்கும். தேர் வருதுல்ல."

அதுவரை தரைதான். இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன், வலது கால் மரத்துப்போய்விட்டது.

அன்புடன்,
ஆசிரியர்