காதலுக்கும் கூலிக்கும் சம்பந்தமில்லையா?

"காதல், குடும்பம், நட்பு, மர்மம் இவையெல்லாம் மனித குலத்துக்குப் பொதுவானவை. இவற்றில் நிறம் எங்கே வந்தது? வர்க்கம் எங்கே வந்தது? கதையைக் கதையாகப் படியுங்கள்!" என்று உபதேசம் செய்கிறார்கள் சில இலக்கிய மேதாவிகள். கடந்த ஐம்பது ஆண்டுகளில் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர்கள் படைத்துள்ள நாவல்களுக்கும் இதே முத்திரையைக் குத்தி, கண்ணாடி அலமாரியில் பத்திரமாக அடுக்கி வைக்கப் பார்க்கிறார்கள்.

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போயிற்று?

நாம் கேட்கிறோம்: காதலிக்க நேரம் வேண்டாமா? குடும்பம் நடத்தக் கூரை வேண்டாமா? நண்பனோடு உட்கார்ந்து பேச ஒரு மாலைப் பொழுது ஓய்வு வேண்டாமா? அந்த நேரமும் கூரையும் ஓய்வும் யார் கையில் இருக்கின்றன? இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்பி, தூங்குகிற பிள்ளையின் முகத்தை மட்டுமே பார்க்கிற ஆலைத் தொழிலாளிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அறுவடைக்குக் குடும்பத்தோடு ஊர் ஊராகப் போகும் விவசாயத் தொழிலாளிக்கும் விளக்க வேண்டியதில்லை. மேதாவிகளுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது. அந்த நாவல்களையே சாட்சிக்கு அழைப்போம்.

கல்யாணமும் கூலியும்

டோனி மாரிசன் 1931இல் ஒஹையோ மாநிலத்தின் லொரெயின் என்ற தொழில் நகரில் பிறந்தவர். தந்தை வெல்டிங் தொழிலாளி. 1993இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. 1973இல் அவர் எழுதிய 'சூலா', நெல், சூலா என்ற இரண்டு சிநேகிதிகளின் கதை.

நெல்லை மணக்கும் ஜூட் ஓட்டலில் பரிமாறுகிறவன். ஊரில் புதிய சாலை போடுகிறார்கள். அதில் வேலை செய்ய ஆசைப்படுகிறான். உடம்பில் வலு இருக்கிறது, மனதில் ஆசை இருக்கிறது, ஆனால் வேலை வெள்ளைக்காரர்களுக்குத்தான். அந்த அவமானம் தாங்காமல்தான் அவன் கல்யாணம் செய்துகொள்கிறான். வெளியே கிடைக்காத மதிப்பை வீட்டுக்குள் ஒரு பெண்ணிடம் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போடுகிறான். அப்படிப்பட்ட கல்யாணம் நிலைக்குமா? நிலைக்கவில்லை. ஜூட் சூலாவிடம் போகிறான். பிறகு ஊரையே விட்டுப் போய்விடுகிறான். சிநேகிதிகளின் நட்பும் முறிகிறது. ஜூட்டுக்குக் கிடைக்காத கூலியை மறந்துவிட்டு இந்த நட்பின் முறிவைப் பேச முடியுமா?

அந்த மக்கள் குடியிருந்த குன்றின் கதையையும் கேளுங்கள். ஒரு வெள்ளை எஜமான், வளமான பள்ளத்தாக்கு நிலத்தைத் தருவதாகச் சொல்லி அடிமையை ஏமாற்றி, விளையாத மேட்டு நிலத்தைத் தலையில் கட்டினானாம். பிற்காலத்தில் அந்த மேட்டின் மீதே பணக்காரர்களுக்கு ஆசை வருகிறது. கறுப்பின மக்களின் வீடுகளை இடித்துத் தள்ளிவிட்டு கோல்ப் மைதானம் வருகிறது! நட்பைப் பற்றிய நாவல் இப்படித்தான் தொடங்குகிறது.

1987இல் வெளிவந்த அவருடைய 'பிலவ்ட்' நாவலுக்கு ஆதாரம் உண்மைச் சம்பவம். 1856 ஜனவரியில் மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண் கென்டக்கியிலிருந்து ஒஹையோ நதியைக் கடந்து குடும்பத்தோடு தப்பினாள். பிடிக்க ஆட்கள் வந்து சூழ்ந்தபோது, பிள்ளை மறுபடி அடிமையாவதைப் பொறுக்காமல் இரண்டு வயது மகளைத் தன் கையாலேயே கொன்றாள். கோர்ட்டில் எழுந்த வாதம் என்ன தெரியுமா? கொலைக் குற்றம் சாட்டினால் அவள் ஒரு மனுஷி என்று ஒப்புக்கொண்டதாகும். எஜமானிடம் திருப்பி அனுப்பினால் அவள் ஒரு சொத்து என்றாகும். 1850ஆம் ஆண்டின் அடிமை மீட்புச் சட்டம் வென்றது. அவள் சொத்தாகவே திருப்பி அனுப்பப்பட்டாள். தாய்ப்பாசம் பொதுவானதுதான், ஐயா! ஆனால் தாய்க்குத் தன் பிள்ளை சொந்தமா, எஜமானுக்குச் சொந்தமா என்பதைத் தீர்மானித்தது சொத்துச் சட்டம்.

வீட்டுக்குள் இருக்கும் எஜமான்

ஆலிஸ் வாக்கர் ஜார்ஜியா மாநிலத்தில் வாரத்துக்கு உழுத குடும்பத்தில், எட்டாவது பிள்ளையாக 1944இல் பிறந்தவர். 1982இல் அவர் எழுதிய 'தி கலர் பர்ப்பிள்' அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. கதாநாயகி சீலியைப் புருஷன் அடிக்கிறான். அவளுடைய தங்கை எழுதும் கடிதங்களை ஆண்டுக்கணக்கில் ஒளித்து வைக்கிறான். ஷக் என்ற பாடகியின் நட்புதான் சீலியை நிமிர வைக்கிறது. கடிதங்கள் கிடைக்கின்றன. சீலி காற்சட்டை தைக்கத் தொடங்கி, தன் கையால் சம்பாதித்துத் தன் காலில் நிற்கிறாள்.

இதே நாவலில் சோஃபியா என்ற பெண், மேயர் மனைவியின் வீட்டில் வேலைக்காரியாக இருக்க மாட்டேன் என்கிறாள். அந்த ஒரு வார்த்தைக்காக மேயர் அறைகிறான். அவள் திருப்பி அடிக்கிறாள். போலீஸ் அவளை அடித்து நொறுக்கி ஜெயிலில் தள்ளுகிறது. கடைசியில் எந்த வேலையை மறுத்தாளோ அதே வேலைக்கு, அதே வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள்!

இந்த நாவல் வந்தபோது, கறுப்பின ஆண்களைக் கேவலப்படுத்துகிறது என்று சிலர் கூச்சலிட்டார்கள். நாம் அந்தக் கூச்சலில் சேர மாட்டோம். வயலில் எஜமானிடம் அடிவாங்கிவிட்டு வீட்டில் பெண்டாட்டியை அடிக்கிறவன், எஜமானின் சாட்டையைத்தான் வீட்டுக்குள் சுமந்து வருகிறான். அதை எடுத்துச் சொல்லும் பெண் வர்க்க ஒற்றுமையைக் குலைக்கவில்லை, அதைப் பலப்படுத்துகிறாள்.

காதலைத் திருடியது யார்?

இன்றைய நாவலுக்கு வருவோம். டயாரி ஜோன்ஸ் 2018இல் எழுதிய 'ஆன் அமெரிக்கன் மேரேஜ்'. ராய், செலஸ்டியல் இருவரும் புதுத் தம்பதிகள், படித்தவர்கள், ஓரளவு வசதி உள்ளவர்கள். செய்யாத பாலியல் குற்றத்துக்காக ராய்க்கு 12 ஆண்டு தண்டனை விழுகிறது. ஐந்து ஆண்டு கழித்து விடுதலையாகி வரும்போது, மனைவி சிறுவயது நண்பனோடு வாழ்கிறாள். அவளைத் துரோகி என்பதா? நண்பனைத் துரோகி என்பதா? மூவரும் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டிக்கொண்டிருக்க, உண்மையான திருடன் கோர்ட் அங்கியை மாட்டிக்கொண்டு அடுத்த வழக்கை அழைக்கிறான்!

அமெரிக்க மக்கள் தொகையில் கறுப்பினத்தார் சுமார் 13 சதவீதம். சிறைக் கைதிகளிலோ சுமார் மூன்றில் ஒரு பங்கு. அடிமை முறையை ஒழித்த 1865ஆம் ஆண்டின் 13ஆவது அரசியல் சட்டத் திருத்தமே, குற்றத்துக்குத் தண்டனையாகக் கட்டாய உழைப்பு வாங்கலாம் என்று ஒரு சந்து விட்டு வைத்தது. அந்தச் சந்தில்தான் மிசிசிப்பியின் பார்ச்மன் சிறைப் பண்ணை முளைத்தது: சுமார் 18,000 ஏக்கர்! கைதிகளே அங்கு பருத்தி பயிரிட்டார்கள். ஜெஸ்மின் வார்டின் 'சிங், அன்பரீட், சிங்' (2017) ஒரு குடும்பக் கதை. ஆனால் அந்தக் குடும்பம் கூடுவதற்காகப் பயணம் போகும் இடமே பார்ச்மன்தான். தம்பி தங்கைகளின் பசிக்காக இறைச்சி திருடி அங்கே அடைக்கப்பட்ட 12 வயதுச் சிறுவனின் ஆவி அந்தக் குடும்பத்தைத் தொடர்கிறது.

மர்மத்தின் முடிச்சு

"துப்பறியும் கதையிலுமா அரசியல்?" என்பார்கள். ஆம், அதிலும்தான்! வால்டர் மோஸ்லியின் 'டெவில் இன் எ புளூ டிரஸ்' (1990) 1948ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கிறது. ஈஸி ராலின்ஸ் யுத்தத்திலிருந்து திரும்பிய விமானத் தொழிற்சாலைத் தொழிலாளி. களைத்துப் போன நிலையில் கூடுதல் நேரம் நிற்க மறுத்தான், வேலை போயிற்று. வீட்டுக் கடன் தவணை நெருங்குகிறது. அதனால்தான் ஒரு பெண்ணைத் தேடித் தரும் ஆபத்தான வேலையை ஏற்கிறான். துப்பறிவாளன் பிறந்தது புத்திக் கூர்மையால் மட்டுமல்ல, வேலைநீக்க உத்தரவால்!

அட்டிக்கா லாக் என்ற பெண் எழுத்தாளரின் பெயரே 1971ஆம் ஆண்டு அட்டிக்கா சிறைக் கலகத்தின் நினைவாக வைக்கப்பட்டது. அவருடைய 'பிளாக் வாட்டர் ரைசிங்' (2009) ஹூஸ்டன் நகரில் 1981இல் நடக்கும் மர்மக் கதை; துறைமுகத் தொழிலாளர் போராட்டமும் எண்ணெய் முதலாளிகளின் சூதும் அதன் முடிச்சுகள். கோல்சன் வைட்ஹெட்டின் 'தி நிக்கல் பாய்ஸ்' (2019) சீர்திருத்தப் பள்ளியில் அடைக்கப்பட்ட இரு சிறுவர்களின் நட்பைச் சொல்கிறது. புளோரிடாவில் 2011இல் மூடப்பட்ட டோசியர் பள்ளிதான் அதற்கு ஆதாரம். ஆராய்ச்சியாளர்கள் அந்த வளாகத்தைத் தோண்டி 55 புதைகுழிகளைக் கண்டார்கள்.

சாதாரண மர்மக் கதையில் ஒரு கொலைகாரன் பிடிபட்டதும் ஊர் நிம்மதியாகத் தூங்குகிறது. இவற்றில் அப்படி இல்லை. பிணத்தைப் புதைத்ததே சர்க்கார் நிறுவனமாக இருந்தால், யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது?

ஓநாயின் கண்ணீர்

புத்தக முதலாளிகளுக்கு இந்த நாவல்கள் லாபச் சரக்கு. சைமன் அண்ட் சுஸ்டர் என்ற பெரும் பதிப்பகத்தை கே.கே.ஆர். என்ற முதலீட்டுக் கம்பெனி 2023இல் 162 கோடி டாலருக்கு வாங்கியது. ஹார்ப்பர்காலின்ஸ் கம்பெனியில் சுமார் 250 ஊழியர்கள் 2022 நவம்பர் 10 அன்று வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வோடு, பதிப்பகங்களில் எல்லா இனத்தவருக்கும் இடம் வேண்டும் என்றும் கேட்டார்கள். மூன்று மாதம் போராடிக் குறைந்தபட்சச் சம்பள உயர்வை வென்றார்கள். கறுப்பினக் கதைகளுக்காகக் கண்ணீர் வடிக்கும் தொழிலில், அந்தக் கதைகளைப் பதிப்பிக்கும் கைகள் தெருவில் நின்றுதான் கூலி வாங்க வேண்டியிருந்தது! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை இதுதான்.

மறுபக்கம், பிற்போக்குக் கும்பல் பள்ளி நூலகங்களில் புகுந்து இப்புத்தகங்களை அகற்றுகிறது. 2023-24 கல்வியாண்டில் மட்டும் பள்ளிகளில் 10,000க்கு மேற்பட்ட புத்தகத் தடை நிகழ்வுகளை 'பென் அமெரிக்கா' அமைப்பு பதிவு செய்தது. மாரிசனின் முதல் நாவலும் வாக்கரின் நாவலும் பலமுறை தடைக்கு ஆளானவை. வெறும் காதல் கதை என்றால் அதைக் கண்டு ஏன் நடுங்க வேண்டும்? மேதாவிகள் காணாத அரசியலை, தடை போடுகிறவன் சரியாகக் கண்டுகொண்டிருக்கிறான்!

நமது தோழர்களிலும் சிலர், "பாட்டாளிக்கு எதற்குக் காதல் கதை? கொள்கைப் பிரசுரம் போதாதா?" என்கிறார்கள். அவர்களுக்கும் சொல்கிறோம்: பிரசுரம் சுரண்டலின் கணக்கைச் சொல்லும். சுரண்டல் ஒரு கணவன் மனைவியின் பேச்சில், ஒரு தாயின் கையில், இரண்டு சிநேகிதிகளின் மௌனத்தில் எப்படி நுழைகிறது என்பதை நாவல்தான் காட்டும். எட்டு மணி நேர வேலை நாளுக்காகத் தொழிலாளி வர்க்கம் ரத்தம் சிந்தியது எதற்காக? மிச்ச நேரத்தில் மனிதனாக வாழ்வதற்காக அல்லவா? அன்பு செலுத்தும் உரிமையும் நமது கோரிக்கைப் பட்டியலில் உள்ளதுதான்.

ஆகவே தோழர்களே, இந்த நாவல்கள் பணக்காரர் வரவேற்பறையின் அலங்காரமாக இருக்க விடக் கூடாது. சங்கப் படிப்பகங்களில் இவை பற்றிப் பேச்சு நடக்கட்டும். ஆங்கிலம் படித்த இளைஞர்கள் ஒரு மாலையில் ஒரு கதையைத் தமிழில் எடுத்துச் சொல்லட்டும். நல்ல மொழிபெயர்ப்புகளை, தொழிலாளி வாங்கக்கூடிய விலையில் தரும்படி பதிப்பாளர்களைக் கேட்போம். பெண்களும் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காரட்டும். சீலியின் கதையை அவர்கள் முதலில் கேட்க வேண்டும், ஆண்கள் கூடவே இருந்து கேட்க வேண்டும்.

காதலுக்கும் கூலிக்கும் சம்பந்தம் உண்டு. அதை மறைக்கிறவன் யார் பக்கம் நிற்கிறான் என்பதைப் புரிந்துகொள்வோம்!