முந்நூறு டொலர் பெட்டியா, ஒரு சொட்டுச் சவர்க்காரமா?



போன எபிசோட்டில் நித்திரையை அளக்கும் கைக்கடிகாரங்களைப் பற்றிக் கதைத்தோம். அதற்குப் பிறகு வந்த மெசேஜ்களில் பல கைக்கடிகாரத்தைப் பற்றியவை அல்ல. "அப்பாவுக்கு சீபாப் மெஷின் குடுத்திருக்கினம். அதைக் கிளீன் பண்ண எந்தப் பெட்டி வாங்கலாம்?" இதுதான் திரும்பத் திரும்ப வந்த கேள்வி. சிலர் லிங்கும் அனுப்பி, "இது ஓகேயா?" என்று கேட்டிருந்தீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதாமல் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெட்டி வாங்காதீர்கள். அந்தக் காசுக்கு வேறு வேலை இருக்கு.

மெஷினைப் பார்க்காதவர்களுக்காக ஒரு சுருக்கம். நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை மூடிக்கொள்வதுதான் ஸ்லீப் அப்னியா. குறட்டை திடீரென்று நிற்கும், கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது, பிறகு திடுக்கிட்டு ஒரு பெரிய மூச்சு. எங்கட வீடுகளில் இதை வருடக்கணக்காகப் பகிடியாக்கி வைத்திருந்தோம். சீபாப் மெஷின் ஒரு ரியூப் வழியாக மாஸ்க்குக்குள் காற்றை ஊதி, அந்த அழுத்தத்தால் பாதையைத் திறந்து வைத்திருக்கும். சிட்னியில் கொலின் சலிவன் என்ற மருத்துவர் 1980 இல் இதை முதலில் செய்து பார்த்தார். அப்போது மாஸ்க்கை ஒவ்வொரு இரவும் சிலிக்கோன் பசையால் மூக்கில் ஒட்டவேண்டி இருந்தது. அதற்கு முன்பு கடுமையான நோயாளிகளுக்கு இருந்த வழி தொண்டையில் துளை போடுவது. அந்தப் பசையின் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வைத்தியம் முழுவதும் ஒரு விஷயத்தில்தான் தங்கி நிற்கிறது: மாஸ்க் முகத்தில் காற்றுக் கசியாமல் ஒட்டி இருக்கவேணும். அண்டைக்கும் அதுதான் பிரச்சினை, இண்டைக்கும் அதுதான்.

இனி அந்தப் பெட்டி. சந்தையில் இரண்டு வகை இருக்கு. ஒன்று ஓசோன் வாயுவை ரியூபுக்குள்ளும் மாஸ்க்குக்குள்ளும் செலுத்தும். மற்றது யூவி வெளிச்சம் அடிக்கும். இரண்டுக்கும் ஒரே விளம்பரம்தான்: தண்ணி வேண்டாம், சவர்க்காரம் வேண்டாம், பட்டனை அமத்தினால் கிருமி எல்லாம் செத்துப் போகும்.

ஓசோன் கிருமியைக் கொல்லும், அது உண்மைதான். ஆனால் கிருமியைக் கொல்லத் தேவையான அளவு, மனிதர் பாதுகாப்பாகச் சுவாசிக்கக்கூடிய அளவை விட மிக அதிகம். இது என் அபிப்பிராயம் இல்லை, அமெரிக்காவின் மருத்துவச் சாதன விதிகளிலேயே எழுதி இருக்கு. நுரையீரலுக்குக் காற்று அனுப்பும் ரியூபுக்குள்ளே, நுரையீரலை எரிச்சல்படுத்தும் வாயுவை விடுகிறோம். யோசித்துப் பாருங்கள். 2020 பெப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. சீபாப் சுத்தம் செய்வதற்கென்று விற்கப்படும் ஓசோன், யூவி பெட்டிகள் எதையும் தாங்கள் அந்த வேலைக்கு அங்கீகரிக்கவில்லை என்று அதில் சொன்னார்கள். ஓசோன் கசிந்து அறைக்குள் கூடுவதைப் பற்றியும், பாவித்தவர்களுக்கு இருமல், தலையிடி, மூச்சுத் திணறல் வந்ததாகக் கிடைத்த முறைப்பாடுகளைப் பற்றியும் அதில் இருந்தது.

யூவியின் பிரச்சினை வேறு. வெளிச்சம் நேர்கோட்டில் போகும். மாஸ்க்கின் மடிப்புக்குள், ஆறடி ரியூபின் வளைவுக்குள் அது போகாது. நிழல் விழும் இடம் அழுக்காகவே இருக்கும். அதைவிட, ஓசோனோ யூவியோ மூக்கைச் சுற்றிப் படிந்த எண்ணெயையும் வியர்வையையும் துடைத்து எடுக்காது. அழுக்கின் மேல் கிருமிநாசினி அடிக்கிறதும் சாப்பிட்ட கோப்பையைக் கழுவாமல் சென்ட் அடிக்கிறதும் ஒன்றுதான்.

பிறகு பிலிப்ஸ் விவகாரம் வந்தது. 2021 ஜூனில் அந்த நிறுவனம் பல மில்லியன் மெஷின்களைத் திருப்பி அழைத்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த பொலியூறித்தேன் ஸ்பொஞ்ச் உதிர்ந்து மூச்சுப் பாதைக்குள் போகலாம் என்பதுதான் காரணம். ஓசோன் சுத்தம் அந்த உதிர்வை விரைவுபடுத்தலாம் என்று பிலிப்ஸ் சொல்ல, ஓசோன் பெட்டி விற்கும் சோகிளீன் அதை மறுத்து அதே வருடம் வழக்குப் போட்டது. யார் சொன்னது சரி என்ற சண்டைக்குள் நாங்கள் போகத் தேவையில்லை. ஸ்பொஞ்சைத் தெரிவு செய்தது பிலிப்ஸ்தான், அதன் பொறுப்பை ஓசோனின் தலையில் முழுவதும் கட்டமுடியாது என்பது என் எண்ணம். ஆனால் வாங்குபவருக்கு ஒரு விஷயம் தெளிவு: ரெஸ்மெட் போன்ற நிறுவனத்தின் வொறன்ரியில், ஓசோனால் வரும் சேதத்துக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று எழுதி இருக்கு. பெட்டியை வாங்கினால் மெஷினின் வொறன்ரிக்கே ஆபத்து.

அப்படி என்றால் ஏன் வாங்குகிறோம்? எனக்குத் தெரிந்த வீடுகளில் பெட்டியை வாங்கினது அப்பாமார் இல்லை, பிள்ளைகள். வேறு நகரத்தில் வேலை, மாதத்தில் ஒருக்கா வீட்டுக்குப் போறது. அப்பாவின் கட்டிலடியில் மெஷினைப் பார்க்கும்போது மனசு பதறும், உடனே ஃபோனை எடுத்து ஒரு பொருளை ஓடர் பண்ணுவோம். பாசம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாசத்தைத்தான் விளம்பரக்காரர் குறி வைக்கினம். "உங்கள் அப்பா தினமும் என்ன சுவாசிக்கிறார் தெரியுமா?" என்று பூதக்கண்ணாடிக்குள் பச்சை நிறப் பூச்சிகளைக் காட்டுவினம். அதைப் பார்த்த அப்பா என்ன செய்வார்? "இண்டைக்கு மாஸ்க் கழுவேல்லை, கிருமி இருக்கும், நாளைக்குப் போடுறன்" என்று கழட்டி வைத்துவிட்டுப் படுப்பார். என் அப்பா இதே வசனத்தைச் சொல்லி இருக்கிறார். விடிய அஞ்சு மணிக்கு ஹைவேயில் வாகனம் ஓட்டுகிற மனிதர். கழுவாத மாஸ்க்கை விட, அந்த இரவு போடாத மாஸ்க்தான் எனக்குப் பயம்.

சரி, என்ன வாங்கலாம்? முதலில் எந்த அழுக்கு எங்கே சேருது என்று பாருங்கள். மாஸ்க்கில் முகத்து எண்ணெய். தண்ணித் தொட்டியில் தண்ணியின் உப்பு. பில்ரரில் வீட்டுத் தூசி. மூன்றுக்கும் மூன்று விதமான வேலை. ஒரே பெட்டி மூன்றையும் செய்யும் என்று சொன்னாலே சந்தேகப்படுங்கள்.

மாஸ்க்கின் சிலிக்கோனுக்கு எதிரி எண்ணெய். எண்ணெய் படிந்தால் வழுக்கும், வழுக்கினால் கசியும், கசிந்தால் கண்ணுக்குள் காற்று அடிக்கும், இரவு இரண்டு மணிக்குக் கழட்டி எறிவார்கள். எங்கட ஆட்களுக்கு இங்கே ஒரு தனிப் பிரச்சினை இருக்கு: தலைக்குத் தேங்காய் எண்ணெய், மூக்கடைப்புக்கு விக்ஸ், நெற்றிக்குச் சித்தாலேப. எல்லாம் படுக்கப் போகும் நேரத்தில்தான்! எண்ணெய் வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லி வெல்லமுடியாது. எண்ணெயைப் பின்னேரம் வைத்து, படுக்க முன் முகத்தைக் கழுவச் சொல்லுங்கள். அது எந்தக் கிளீனரையும் விட உதவும்.

காலையில் மாஸ்க்கின் மெத்தைப் பகுதியை வெதுவெதுப்பான தண்ணியில், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தால் கையால் தேய்த்துக் கழுவினால் போதும். அந்தத் திரவத்தைத் தெரிவு செய்வதில்தான் கவனம் வேணும். வாசனையும் நிறமும் இல்லாததாக வாங்குங்கள். கைக்கு மென்மை தரும் கிறீம் கலந்தது வேண்டாம், அது சிலிக்கோனில் படலமாகப் படியும். பாக்டீரியா கொல்லும் சவர்க்காரம், பிளீச், அல்ககோல் எல்லாவற்றையும் பெரும்பாலான மனுவல்கள் வேண்டாம் என்றே சொல்கின்றன. டெட்டோல் போத்தலை எடுக்கும் கையைத் தடுத்து நிறுத்துங்கள், அந்த மணம் இரவு முழுக்க நேரே மூக்குக்குள் போகும். கொதிதண்ணி ஊத்துறதும், வெயிலில் காயவைக்கிறதும் அப்படித்தான். "வெயில்ல வைச்சால் கிருமி சாகும்" என்பது துணிக்குச் சரி. இது நிழலில் காயவேணும். ரியூபையும் கிழமைக்கு ஒருக்கா இப்படியே கழுவி, குளியலறைக் கம்பியில் இரண்டு முனையும் கீழே தொங்க விடுங்கள். நீளத் தூரிகை ஒன்று மலிவாகக் கிடைக்கும், விருப்பம் என்றால் வாங்கலாம், இல்லை என்றாலும் ஒன்றும் இல்லை. சூடாகும் ரியூப் என்றால் முனையில் மின் இணைப்பு இருக்கும், முழுவதும் காயாமல் பொருத்தவேண்டாம்.

தொட்டிக்கு வடித்த தண்ணி, அதாவது டிஸ்டில்ட் வோட்டர். கடையில் நாலு லீற்றர் கானாகக் கிடைக்கும். குடிக்கிற போத்தல் தண்ணி இதற்குப் பதில் இல்லை, அதிலும் கனிமம் இருக்கு. காலையில் மிச்சத் தண்ணியை ஊத்திவிட்டுத் தொட்டியைத் திறந்து காயவிட வேணும். இதைத்தான் பலர் செய்வதில்லை. பழைய தண்ணிக்கு மேல் புதுத் தண்ணி விடுவினம். வெள்ளைக் கறை படிந்தால், வெள்ளை வினாகிரியில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணி கலந்து கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நன்றாக அலசுங்கள். இன்னொன்று: "ஆவி பிடிக்கிற மாதிரித்தானே" என்று தொட்டிக்குள் யூக்கலிப்டஸ் எண்ணெய் இரண்டு சொட்டு விடுகிற அம்மாமார் இருக்கினம். வேண்டாம். ஆவி பிடிக்கிறது பத்து நிமிடம், இது ஏழு மணித்தியாலம். பிளாஸ்ரிக்கும் கெடும்.

பில்ரர் சின்னச் சதுரம், மெஷினின் பின்பக்கம் அல்லது பக்கவாட்டில் இருக்கும். சில மெஷின்களில் கழுவலாம், பலவற்றில் கழுவவே கூடாது, மாற்றத்தான் வேணும். மனுவல் ஆறு மாதம் என்று சொன்னாலும், வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிற வீட்டில், மிளகாய் வறுக்கிற குசினிக்குப் பக்கத்து அறையில் அது முதலே சாம்பல் நிறமாகிவிடும். மாதத்தில் ஒரு நாள் எடுத்துப் பார்த்தால் தெரியும்.

பெட்டிக்கு வைத்த 300 டொலரை இங்கே போடுங்கள்: பில்ரர் ஒரு பக்கெட், மாஸ்க்கின் மெத்தை மேலதிகமாக ஒன்று. கழுவின பிறகும் கசிந்தால், தொட்டுப் பார்க்கச் சிலிக்கோன் தொய்ந்து போயிருந்தால், அது மாற்றவேண்டிய நேரம். விற்பனைக்காரர் வேறு அட்டவணை தருவினம்: முகம் மூடும் மாஸ்க்கின் மெத்தை மாதம் ஒன்று, ரியூப் மூன்று மாதத்துக்கு ஒன்று. இதன் மூலம் அமெரிக்க மெடிகேயர் காப்புறுதி அதிகபட்சமாக எதற்கு எல்லாம் பணம் தரும் என்ற கணக்கு. பில் எழுதும் கணக்கை சுகாதார விதியாகப் படிக்கவேண்டாம். ஒன்ராறியோவில் மெஷினுக்கு மாகாண உதவிச் சாதனத் திட்டம் 75 வீதம் கொடுக்கும், ஆனால் பிறகு வாங்கும் மாஸ்க், பில்ரருக்கு இல்லை. அப்பாவின் அல்லது அம்மாவின் வேலையிடத்துக் காப்புறுதியில் மாஸ்க்குக்கு இடம் இருக்கிறதா என்று அந்தப் புத்தகத்தைப் படித்துச் சொல்வது, அவர்களுக்கு உங்களால் செய்யக்கூடிய நல்ல வேலை. அந்த ஆங்கிலம் எங்களுக்கே தலை சுத்தும்.

டெக் ஆட்களுக்கு ஒரு சின்ன விஷயம். ரெஸ்மெட்டின் மைஏர் அப் ஒவ்வொரு இரவுக்கும் 100 க்குப் புள்ளி போடும். அதில் 70 புள்ளி எத்தனை மணித்தியாலம் போட்டார் என்பதற்கு. 20 மாஸ்க் கசியாமல் இருந்ததற்கு. சுத்தத்துக்கென்று தனியாக ஒரு புள்ளியும் இல்லை. மாஸ்க்கைக் கழுவுவதின் பலன் அந்த 20 இல்தான் தெரியும். நானும் தங்கச்சியும் அப்பாவின் அப்பைப் பார்க்கும்போது கசிவு எண் ஏறி இருந்தால்தான் "அப்பா, மாஸ்க் கழுவினீங்களோ?" என்று கேட்போம். மற்ற நாளில் வாயே திறப்பதில்லை. (நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், கீமோ எடுப்பவர்கள் என்றால் டொக்டர் சொல்வதுதான் கணக்கு.)

கோடையில் ஊருக்குப் போகிறவர்களுக்கு: தொட்டியை வெறுமையாக்கிவிட்டுத்தான் பையில் வையுங்கள், மிச்சத் தண்ணி மோட்டருக்குள் போனால் மெஷின் போச்சு. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது, கேத்தலைப் பார்த்தாலே தெரியும். வடித்த தண்ணி கிடைக்காவிட்டால் அந்தக் கொஞ்ச நாளைக்கு தண்ணி விடாமலே மெஷினைப் போடலாம், ஊரில் காற்றே ஈரம்தானே. மாஸ்க் துடைக்கும் ஈரத்துணி, வாசனை இல்லாதது, ஒரு பக்கெட் கொண்டு போனால் பிளேனில் உதவும்.

அடுத்த எபிசோட்டில் காது கேட்கும் கருவிகள். அம்மம்மாவுக்கு வாங்கித் தந்தும் லாச்சிக்குள்ளே கிடக்குது என்பவர்கள் கேள்விகளை அனுப்புங்கள்.