காலில் போட்டால் குறைந்தா போகும்?

பழைய பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால்தான் அதற்கு மரியாதை என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

ரீகாவில் மருத்துவம் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேரன் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். ஜீன்ஸுக்குக் கீழே லாட்வியாவின் பூவேலைக் கம்பளிக் காலுறை. சிவப்பில் வெள்ளை நட்சத்திரம். அது அவர்களுடைய விடிவெள்ளிச் சின்னம், பெயர் அவுசெக்லிஸ். கடற்கரையில் நண்பரிடம் காட்டினேன். "சாமி சின்னத்தைக் காலிலா மாட்டுவது?" என்றார். பேரன் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாளோ, "இதெல்லாம் பாட்டு விழாவில் தேசிய உடையோடு போடுவது" என்றாராம்.

இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில் நண்பருக்கு. நம் ஊர் அளவுகோலை அங்கே கொண்டுபோக வேண்டாம். அந்தச் சின்னங்களைக் கையுறையிலும் காலுறையிலும் பின்னியவர்கள் அந்த நாட்டுப் பெண்களேதான். சிறுவயதில் ஊசி பிடித்து, கல்யாணத்துக்குள் ஒரு பெட்டி நிறையப் பின்னிச் சேர்ப்பார்கள். மாமனார், மாமியார், நாத்தனார் என்று மாப்பிள்ளை வீட்டார் எல்லோருக்கும் அதிலிருந்துதான் சீர். 2006-இல் ரீகாவில் நடந்த நேட்டோ மாநாட்டு விருந்தினர்களுக்குச் சுமார் 4,500 ஜோடி கையுறை கையால் பின்னிக் கொடுத்தார்கள். அதெல்லாம் மாட்டிக்கொள்ளக் கொடுத்ததுதானே?

அடுத்து அந்த அம்மாளுக்கு. பாட்டிமார்கள் எதையும் மாற்றாமலா வைத்திருந்தார்கள்? செடிகொடிச் சாயத்தில் நூலை நனைத்தவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரசாயனச் சாயம் வந்ததும் அதையும் எடுத்துக்கொண்டார்கள். 1980-களின் இறுதியில் சோவியத் ஆட்சியை எதிர்த்து எழுந்தபோது, இதே விடிவெள்ளியைச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். அன்று சட்டையில் ஏறியது இன்று ஷூவுக்கு மேலே எட்டிப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

இன்று பின்னுபவர்கள் செய்யும் மாற்றமும் விவரம் தெரிந்த மாற்றம்தான். இரண்டு நிற நூலை மாற்றி மாற்றிப் பின்னும்போது, பயன்படாத நூல் உட்புறமாக ஓடும். அதனால்தான் அவ்வளவு கதகதப்பு. ஆனால் துணி தடிக்கும், இழுத்தால் நீளாது. உள்ளே ஓடும் நூலில் கால் விரல் மாட்டும். ஆகவே பூவேலையைக் கணுக்காலுக்கு மேலே வைத்துக்கொண்டு, பாதத்தை ஒரே நிறத்தில் பின்னுகிறார்கள். சீக்கிரம் தேயும் குதிகாலுக்கு நைலான் கலந்த நூல். இதில் மரபு எங்கே கெட்டது?

கோபப்பட வேண்டிய இடம் வேறு. சாதாரணக் காலுறையின் மேல் அதே நட்சத்திரத்தை அச்சடித்து "பாரம்பரியம்" என்று விற்கிறார்களே, அங்கே கோபப்படுங்கள். நான் பிரெஞ்சில் படித்தவன். இந்தப் பலநிறப் பின்னலுக்குப் பிரெஞ்சில் "ழக்கார்" என்று பெயர். லியோன் நகரத்து ழக்கார் செய்ததோ நெசவுத் தறி. ஐந்து ஊசிகளோடு கண்ணி கண்ணியாகப் பின்னிய பெண்களின் வேலைக்குத் தறிக்காரர் பெயர்! அதுவே எனக்கு உறுத்தும்.

போடுகிறவர் இருந்தால்தான் பின்னுகிறவருக்குக் கூலி. கூலி கிடைத்தால்தான் அடுத்த பெண் ஊசியைக் கையில் எடுப்பாள். பெட்டிக்குள் இருக்கும் காலுறையைப் பார்த்து எவரும் இன்னொரு ஜோடிக்குச் சொல்லி அனுப்புவதில்லை. இளசுகள் போடட்டும், கிழியட்டும், புதிது வாங்கட்டும்.