ஊசி இல்லாமல் உள்ளே போகாது

பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையின் கையில் மார்க்கர் பேனாக் கிறுக்கலைக் கண்டால் அரூர்ப் பக்கம் பல வீடுகளில் பதறிப்போகிறார்கள். "மை தோல் வழியா ரத்தத்துல கலந்துடும்" என்கிறார்கள். ஓட்டுச் சாவடியில் விரலில் வைக்கும் மையைப் பற்றியும் இதே பேச்சுதான். வீட்டுக்கு வந்ததும் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்ப்பவர்களும் உண்டு. பிள்ளை மேல் உள்ள அக்கறைதான் இந்த அச்சம். அதனாலேயே ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும்.

"மை ரத்தத்தில் கலந்துவிடும்"

நம் பாட்டிகளின் கையில் இருக்கும் பச்சையை நினைத்துப் பாருங்கள். அது ஆயுளுக்கும் நிற்கக் காரணம், ஊசி மேல்தோலைத் துளைத்து உள்தோலில் மையை இறக்குவதுதான். வெறுமனே பூசினாலே மை உள்ளே போய்விடும் என்றால் பச்சை குத்த ஊசியே வேண்டியிருக்காது. தோலின் மேற்பரப்பு உயிரற்ற செல்களின் அடுக்கு. மார்க்கரின் சாயம் பெரும்பாலும் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. அந்தச் செல்கள் உதிரும்போது சாயமும் உதிர்கிறது.

"மார்க்கர் மையே விஷம்"

இதில் பாதி உண்மை இருக்கிறது. மார்க்கர் மையில் சாயம், அதை ஒட்டவைக்கும் பிசின், இரண்டையும் கரைத்து வைக்கும் திரவம் என்று மூன்று பொருள்கள் உண்டு. இன்றைய பேனாக்கள் பலவற்றில் அந்தத் திரவம் ஆல்கஹால் வகை. கைக்குத் தடவும் சானிடைசரின் இனம். எழுதிய சில நொடிகளில் ஆவியாகிவிடும். இரும்பிலும் பிளாஸ்டிக்கிலும் எழுதும் சில மார்க்கர்களில் சைலீன், டொலுவீன் இருக்கும். மூக்கைத் துளைக்கும் நெடி அடிக்கும் அந்தப் பேனாக்களைப் பிள்ளைகளிடம் கொடுக்கவே கூடாது. 'நச்சற்றது' என்று அச்சிட்ட பேனாவும் எழுதுவதற்குத்தான். கண், உதடு, புண் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

"ஓட்டு மையும் அதேதான்"

இல்லை. இந்தியத் தேர்தல்களுக்கு 1962 முதல் இந்த மையைத் தயாரித்துத் தருவது மைசூரில் உள்ள கர்நாடக அரசு நிறுவனமான மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ். இதில் வேலை செய்வது சில்வர் நைட்ரேட். தோலில் உள்ள உப்போடு சேர்ந்து சில்வர் குளோரைடாகி, வெளிச்சம் பட்டதும் கறுத்துவிடும். தண்ணீரில் கரையாது என்பதால் சோப்புக்கும் அசையாது. செறிவான சில்வர் நைட்ரேட் தோலைச் சுடக்கூடியது என்பதும் உண்மை. மருவைச் சுட மருத்துவர்களே அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் தேர்தலன்று விழுவது இடது ஆள்காட்டி விரலில் நகத்தோடு சேர்த்து ஒரே ஒரு கோடு. சிலருக்கு அரிப்போ எரிச்சலோ வரலாம். கொப்புளம் கிளம்பினால் அரசு மருத்துவமனையில் காட்டிவிட வேண்டும்.

"உடனே தேய்த்து எடுக்க வேண்டும்"

தீங்கு தொடங்குவது இங்கேதான். மண்ணெண்ணெய், பெட்ரோல், பிளீச்சிங் பவுடர் மூன்றுமே தோலின் எண்ணெய்ப் பசையை அழித்து வெடிக்கவும் எரியவும் வைக்கும். மை போகும் முன் தோல் போய்விடும். பிள்ளையின் கையில் உள்ள மார்க்கர் கறைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். மிச்சம் இருந்தால் சில நாளில் தானே மங்கும். ஓட்டு மை தோலில் இருந்து சில வாரங்களில் உதிரும். நகத்தில் உள்ளது நகம் வளர வளர மேலேறிப் போகும்.

உண்மையில் பயப்பட வேண்டிய கறுப்பு வேறு. திருவிழாக்களிலும் கல்யாணங்களிலும் 'கறுப்பு மருதாணி' என்று வைக்கிறார்களே, அதில் தலைச்சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கக்கூடும். அது கொப்புளத்தையும் ஆறாத தழும்பையும் உண்டாக்கலாம். வாழ்நாள் முழுக்க ஒவ்வாமையாகவும் தங்கிவிடலாம். மருதாணிதானே என்று நம்பிக் குழந்தையின் கையை நீட்டுகிறோம். அரைத்த மருதாணி இலை சிவக்கும், கறுக்காது. நம் கவனம் அங்கே இருக்கட்டும். விரலில் இருக்கும் ஓட்டு மையைத் தேய்க்காதீர்கள். நகத்தோடு வளர்ந்து தானாகப் போகட்டும்.