கூரை கழற்றப்பட்ட வீடுகள்

துருக்கியின் தென்மேற்குக் கரையில், பெத்தியே நகரத்துக்கு அண்மையில், வாடகைக்கு எடுத்த வில்லா ஒன்றில் கடந்த கோடையில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். செலவு என்னுடையதல்ல. லண்டனில் வாழும் என் பெறாமகன், பிள்ளைகளின் பாடசாலை விடுமுறைக்காக ஒழுங்கு செய்தது. "சித்தப்பா, நீங்களும் வாங்கோ" என்று விமானச் சீட்டும் அனுப்பியிருந்தான். ஆகவே இதை எழுதுவது நன்றிகெட்ட செயல் என்று சிலர் சொல்லக்கூடும். சொல்லட்டும்.

ஊரின் பெயர் ஒவாஜிக். முற்றத்தில் நீச்சல் குளம். தலைக்கு மேலே பாபாதாக் மலையிலிருந்து ஓலுதெனிஸ் கடற்கரையை நோக்கி மிதந்து இறங்கும் பரகிளைடர்கள். பக்கத்திலேயே ஹிசாரொனு. அங்கே காலையில் இங்கிலாந்துக்காரனின் முழுச் சாப்பாடு, மாலையில் அவனுடைய உதைபந்தாட்டம், நள்ளிரவு வரை அவனுடைய பாட்டு. இதிலெல்லாம் எனக்குப் பிணக்கில்லை. உழைத்தவன் ஓய்வெடுக்கட்டும், உள்ளூர்க்காரரும் அதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள்.

என் பிணக்கு வேறு. வில்லாவில் விருந்தினருக்கென வைத்திருந்த கோப்பிலே, பார்க்க வேண்டிய இடங்களின் வரிசையில், படகுச் சவாரிக்கு அடுத்ததாக 'பேய்க் கிராமம்: அரை நாள்' என்று இருந்தது.

அந்தக் கிராமத்துக்குப் பெயர் உண்டு. இன்று கயாகோய். அங்கு வாழ்ந்த கிரேக்கக் கிறிஸ்தவர்களுக்கு அது லெவிசி. மலைச்சரிவில் ஒன்றையொன்று மறைக்காமல் அடுக்கடுக்காய் நூற்றுக்கணக்கான கல் வீடுகள். இரண்டு பெரிய தேவாலயங்கள். எந்த வீட்டுக்கும் கூரை இல்லை. கதவில்லை, யன்னலில்லை. அடுப்படிகள் மாத்திரம் அப்படியே இருக்கின்றன. அறைகளுக்குள் அத்திமரம் முளைத்திருக்கிறது.

இதைச் செய்தவை பேய்கள் அல்ல. ஊரின் ஒரு பகுதியினர் முதலாம் உலகப் போர்க்காலத்திலேயே துரத்தப்பட்டனர். எஞ்சியோர் 1922-23இல் கப்பலேறினர். 1923 ஜனவரி 30ஆம் திகதி லோசானில் கிரேக்கமும் துருக்கியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை, ஏறத்தாழ 12 இலட்சம் கிறிஸ்தவர்களையும் 4 இலட்சம் வரையான முஸ்லிம்களையும் அவரவர் பிறந்த மண்ணுக்கு அந்நியராக்கியது. அளவுகோல் மொழியல்ல, மதம். துருக்கி மொழியன்றி வேறொன்றும் அறியாத கரமான் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், கிரேக்கம் பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்கும் அனுப்பப்பட்டார்கள். இந்தப் பரிமாற்றத்தை முன்னின்று முன்மொழிந்தவர் 1922இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற நான்சன் என்ற நோர்வேக்காரர். (நோர்வே என்றதும் நம்மவர்க்கு வேறு நினைவுகள் வரும். அது வேறு கதை.) 1957இல் வந்த நிலநடுக்கம் எஞ்சியதையும் குலைத்தது உண்மைதான். ஆனால் ஊரை வெறுமையாக்கியது நிலநடுக்கமல்ல, மனிதர் இட்ட கையெழுத்து.

'பேய்க் கிராமம்' என்ற சொல்லின் அயோக்கியத்தனம் இங்கேதான் இருக்கிறது. பேய் என்று சொல்லிவிட்டால் வெளியேற்றியவன் யார் என்ற கேள்வி எழாது. வெளியேறியவனுக்கும் முகம் இராது. பெத்தியேயின் பழைய பெயர் மக்ரி. அங்கிருந்து போனவர்கள் ஏதென்ஸுக்கு அருகே நிறுவிய புதிய மக்ரியில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் வாழ்கிறார்கள். அவர்கள் பேய்களா? 2014இல் இந்தச் சரிவின் ஒரு பகுதியை 49 ஆண்டுக் குத்தகைக்கு விட்டு விடுதி கட்டவும் துருக்கி அரசு முனைந்தது. பேய்களின் வளவுக்கு உறுதி கேட்டு யார் வரப்போகிறார்கள்?

என் பெறாமகன் ஒரு வீட்டின் யன்னல் துவாரத்தில் உட்கார்ந்து படம் எடுத்தான். "என்ன அமைதி, சித்தப்பா!" என்றான். மயிலிட்டியில் பிறந்தவன். 1990 ஜூனில் நாங்கள் விட்டுவந்த வீட்டை, 2017இல் ஊரின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்ட பிறகு, லண்டனிலிருந்து பறந்துவந்து பார்த்தவன். கூரை இல்லை, நிலையில்லை, கூடத்துக்குள் மரம். மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அந்த மதிலின் மேல் ஏறி ஒரு வெள்ளைக்காரன் படமெடுத்திருந்தால் என்ன செய்திருப்பான் என்று கேட்டேன். "அது வேற, இது வேற" என்றான்.

இந்த 'வேறு'தான் நம்மவரின் நோய். நமக்கு நடந்தால் இன அழிப்பு. பிறருக்கு நடந்தால் சுற்றுலா. இன்னும் கிட்டக் கேட்டால், நம்மவர் பிறருக்குச் செய்தது என்றால் பேச்சே இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தவர்க்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர்களின் வீடுகளிலும் ஓடுகளும் நிலைகளும் கழற்றப்பட்டன. சோனகத்தெருவை 'பேய்த்தெரு' என்று சொல்ல நமக்கு மனம் வராது. ஏனெனில் அங்கே பேயாக நடமாடியவர்கள் யாரென்று நமக்குத் தெரியும்.

அன்றிரவு குளத்தங்கரையில் அவனுக்கு ஒன்று சொன்னேன். மயிலிட்டியிலிருந்து ஓடிவந்து கோண்டாவிலில் கொட்டில் போட்டிருந்த எங்கள் குடும்பம், 1991இல் அதற்கு ஒரு குசினி கட்டியது. ஓடு மலிவாகக் கிடைத்தது. பழைய ஓடு, ஆனால் நல்ல ஓடு. அப்பா விலையைப் பேசினார். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. மேலே ஏறி நின்று ஒவ்வொன்றாய் வாங்கி அடுக்கியது நான்.

பெறாமகன் நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்: "அப்பப்பாவுக்குத் தெரியுமோ?"

தெரியும் என்றேன். எனக்கும் தெரியும்.