முதலில் பிறக்கட்டும் என்று சொல்லாதீர்கள்

ஏழாம் மாதம் பிறந்ததும் நம் வீடுகளில் வேலைகள் வரிசைகட்டும். வளைகாப்புக்கு நாள் பார்ப்பார்கள். கண்ணாடி வளையலுக்குச் சொல்லிவைப்பார்கள். புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் யார் கிளறுவது என்று பேச்சு நடக்கும். பிரசவ லேகியத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் சாமான் வாங்கியாகிவிடும். எந்த ஆஸ்பத்திரி, எந்த லேடி டாக்டர், தனி ரூமா, இன்சூரன்ஸ் எவ்வளவு தாங்கும் என்பதெல்லாம் முடிவாகியிருக்கும். இத்தனைக்கும் நடுவில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் வாயெடுத்து, "குழந்தைக்கு எந்த டாக்டர்?" என்று கேட்டால் போதும், கூடத்தில் இருக்கிற பெரியவர்களின் முகம் மாறிவிடும். "முதல்ல நல்லபடியா பிறக்கட்டும்மா. இப்பவே எதுக்கு டாக்டர் பேச்சு?"

இந்தப் பதிலை நான் வெறுக்கிறேன். அன்போடு சொல்லப்படுவதாலேயே இதை எதிர்த்துப் பேச முடிவதில்லை. முதல் பிள்ளையைச் சுமக்கிறவள் அதற்குமேல் வாய் திறக்கமாட்டாள். வாயை வைத்து வினையை இழுத்தவள் என்ற பேச்சை வாங்கிக்கொள்ள யாருக்கு மனம் வரும்? படித்த மாப்பிள்ளை சகுனம் என்று சொல்லமாட்டார். ஆனால் அவரும் வந்து நிற்பது அதே இடத்தில்தான். "ஆஸ்பத்திரியிலேயே குழந்தை டாக்டர் இருப்பாங்க அத்தை, அவங்க பாத்துப்பாங்க." சகுனம் பார்க்கிறவரும் பார்க்காதவரும் கைகோத்துக்கொண்டு, ஒரு குழந்தையின் முதல் மருத்துவர் யார் என்பதை அன்றைக்கு யார் டியூட்டியோ அவரிடம் விட்டுவிடுகிறார்கள்.

பெரியவர்களின் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த நாட்டில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. இரண்டு மூன்று பிள்ளைகளைக் குழியில் வைத்த தாய், அடுத்ததைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்புசாமி என்று பேர் வைத்தாள். தவிட்டுக்கு விற்று வாங்கினாள். பிச்சை என்று கூப்பிட்டாள். தொட்டிலை முன்னாலேயே வாங்காதே, புதுத்துணி தைக்காதே, பழைய வேட்டியைக் கிழித்துவை என்பதெல்லாம் அந்தத் துக்கத்திலிருந்து வந்தவை. பழைய வேட்டித் துணி பச்சைக் குழந்தையின் தோலுக்கு நல்லதும்கூட. ஆனால் அந்தப் பாட்டிகள் தங்களுக்குத் தெரிந்த எந்த ஏற்பாட்டையும் பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கவில்லை. மருத்துவச்சியிடம் மாதக்கணக்கு முன்பே சொல்லிவைத்தார்கள். வசம்பு வாங்கி வைத்தார்கள். உரைமருந்துக்கு ஜாதிக்காயும் மாசிக்காயும் கடுக்காயும் பக்குவப்படுத்தி எடுத்துவைத்தார்கள். அந்த மருந்துகளைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு, அது இருக்கட்டும். பிறக்கப்போகிற பிள்ளைக்கு யார் வேண்டும், எது வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்தவர்கள் அவர்கள். இன்றைக்கு டாக்டரைத் தேடாமல் இருப்பதற்கு அவர்களைச் சாட்சிக்கு அழைப்பது நியாயமே இல்லை.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். பிறக்கும் முன்னே பேசக் கூடாது என்கிற அதே குடும்பம், சிசேரியன் என்று தெரிந்ததும் பஞ்சாங்கத்தோடு ஜோசியர் வீட்டுக்குப் போகிறதே! நட்சத்திரம் பார்த்து, ராகுகாலம் தள்ளி, இன்ன தேதி, இத்தனை மணிக்குள் குழந்தையை எடுத்துவிட வேண்டும் என்று தாளில் குறித்து வாங்கிவருகிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் சுமார் 45 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் அது 60-ஐத் தாண்டுகிறது. நல்ல நேரம் என்று 37-ஆம் வாரத்தில் ஒரு நாளைப் பிடித்தால், முழுசாகப் பழுக்காத நுரையீரலோடு பிள்ளை வெளியே வரக்கூடும். அவசரக் காரணம் எதுவும் இல்லாத சிசேரியனை 39 வாரம் முடியும் முன் செய்தால் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு கூடும் என்பது மருத்துவ உலகம் தெளிவாகச் சொல்லிவிட்ட விஷயம். பிறக்கும் நிமிஷத்தைக் குறிக்கலாம், அந்த நிமிஷத்தில் மூச்சு வாங்கினால் பார்க்க யார் இருப்பார் என்று கேட்டால் மட்டும் அபசகுனமா? எட்டாம் மாதத்தில் ஒரு குழந்தை மருத்துவரின் எதிரே உட்கார்ந்து அந்தத் தேதியைச் சொல்லியிருந்தால், "ரெண்டு வாரம் தள்ளிப் போடுங்கம்மா" என்று அவர் சொல்லியிருப்பார்.

மாப்பிள்ளையின் வாதத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும் என்கிறார். பெரிய ஆஸ்பத்திரிகளில் பச்சிளங்குழந்தைப் பிரிவும் இரவு பகல் மருத்துவரும் இருப்பது உண்மை. ஆனால் நம் ஊர்களில் எத்தனையோ பிரசவங்கள் சின்ன நர்சிங் ஹோம்களில் நடக்கின்றன. அங்கே குழந்தை மருத்துவர் வெளியிலிருந்து வருகிறவர். சிசேரியன் என்றால் முன்னாலேயே போன் போகும், வந்துவிடுவார். நள்ளிரவு சுகப்பிரசவத்துக்கு அவர் வருவாரா, எத்தனை நிமிஷத்தில் வருவார் என்பது ஊருக்கு ஊர், டாக்டருக்கு டாக்டர் மாறும். பிறக்கிற குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு முதல் மூச்சை எடுக்க ஏதாவது ஒரு உதவி தேவைப்படுகிறது. பெரும்பாலும் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டாலே அழுதுவிடும். அழாத குழந்தைக்கு முதல் நிமிஷத்துக்குள் பையையும் முகமூடியையும் வைத்துக் காற்றுக் கொடுக்க வேண்டும். அந்த அறையில் அதைப் பழகிய கை யாருடையது? தனி ரூமில் ஏசி இருக்கிறதா என்று கேட்டவர்கள் இதைக் கேட்டதாக நான் பார்த்ததில்லை.

முதல் நாளிலேயே எத்தனை முடிவுகள் எடுக்கப்படுகின்றன என்று பாருங்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போட வேண்டும். சிசேரியன் ஆனாலும் முடியும். ஆனால் "அம்மா மயக்கத்துல இருக்காங்க, பால் இன்னும் ஊறல" என்று சொல்லிப் பால் பவுடர் டப்பா எழுதிக்கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன. எழுதிக்கொடுக்காத இடத்தில் பாட்டி சேனை வைப்பார், சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைப்பார், தேன் தடவுவார். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து. அதில் இருக்கக்கூடிய கிருமி குழந்தையின் தசைகளையே முடக்கும். ரத்தக்கசிவைத் தடுக்கும் வைட்டமின் கே ஊசி, பி.சி.ஜி., போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஹெபடைடிஸ் பி, குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் செய்கிற தைராய்டு பரிசோதனை எல்லாமே அந்த நாட்களுக்கு உரியவை. பிறவித் தைராய்டு குறை நம் நாட்டில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு இருக்கிறது. பார்த்தால் வெளியே எதுவும் தெரியாது. முதல் இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்தால் விலை மலிவான மாத்திரையே போதும். மாதங்கள் கழிந்துவிட்டால் மூளை வளர்ச்சியில் இழந்ததை மீட்க முடியாது. இந்தப் பரிசோதனை எல்லா ஆஸ்பத்திரியிலும் தானாக நடந்துவிடுவதில்லை. கேட்க வேண்டும். தையல் வலியில் படுத்திருக்கிற பெண் அன்றைக்குத்தான் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். தலைப்பிரசவம், சுகப்பிரசவம், மூன்றாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் போனபோது பாட்டிக்கு ஒரே பெருமை. "தங்கமான பிள்ளை, ராத்திரி முழுக்க அசையல, பாலுக்குக்கூட எழுப்பல." மாடியில் வெள்ளைத் துண்டை விரித்துக் குழந்தையை இளவெயிலில் போட்டிருந்தார்கள், மஞ்சள் இறங்கட்டும் என்று. கூட வந்திருந்த ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா குழந்தையின் நெற்றியைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். பிறகு நெஞ்சு, வயிறு, கடைசியில் உள்ளங்கால். அழுத்திய இடமெல்லாம் மஞ்சள். "விடிஞ்சதுலேருந்து எத்தனை துணி நனைச்சுது?" என்று கேட்டார். கொடியில் ஒன்றுதான் இருந்தது.

டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்தது வரவேற்பறை நம்பர். திங்கட்கிழமை ஓ.பி.க்கு வாருங்கள் என்றார்கள். குழந்தையின் அப்பா வாசலில் நின்றுகொண்டு போனில் ஒவ்வொரு நண்பராகக் கூப்பிட்டு, "உங்க குழந்தை டாக்டர் நம்பர் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு கிளினிக்குகள் பூட்டியிருந்தன. கடைசியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தார்கள். மஞ்சளின் அளவைக் காட்டும் பிலிருபின் 21. நீல விளக்கின் கீழே வைத்தார்கள், பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் ஊட்டவைத்தார்கள். குழந்தை தேறிவிட்டது. தாயின் ரத்தவகை ஓ, குழந்தை பி. அந்த ஓ என்கிற எழுத்து மூன்றாம் மாதத்திலிருந்தே அவள் பைலில் இருந்தது. பிரசவத்துக்கு முன் அதை ஒரு குழந்தை மருத்துவர் பார்த்திருந்தால், மஞ்சள் சீக்கிரமே ஏறலாம், இத்தனையாவது நாள் கூட்டிவாருங்கள், பால் குடிக்காமல் தூங்கினால் எழுப்பிக் கொடுங்கள் என்று சொல்லியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை யாரைக் கூப்பிடுவது என்பதும் தெரிந்திருக்கும்.

மஞ்சள் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வரும், பெரும்பாலும் தானே போகும். முதல் 24 மணி நேரத்துக்குள் தெரிந்தாலோ உள்ளங்கால்வரை இறங்கினாலோ காத்திருக்கவே கூடாது. மாடி வெயில் அதற்கு வைத்தியம் ஆகாது.

சரி, டாக்டரைத் தேடத் தொடங்கினால் அடுத்த நம்பிக்கை வந்து குறுக்கே நிற்கும்: கைராசி. "அவர்கிட்ட ஒரு ஊசி போட்டா போதும், மறுநாளே காய்ச்சல் விட்டுடும்." சாதாரண வைரஸ் காய்ச்சல் மூன்று நான்கு நாளில் தானே விடும். முதல் நாளே ஆன்டிபயாடிக் எழுதுகிறவருக்குக் கைராசிப் பட்டம் கிடைக்கிறது; பொறுத்திருந்து பார்ப்போம் என்று சொல்கிற நல்ல மருத்துவருக்கு, மருந்தே எழுதாமல் பீஸ் வாங்குகிறார் என்ற கெட்டபெயர். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்துப் பிள்ளைகள் இறந்தார்களே, அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதற்குப் பிறகாவது, சின்னப் பிள்ளையின் சளிக்குச் சட்டென்று பாட்டில் எழுதாத மருத்துவரை மதிக்கக் கற்றுக்கொண்டோமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

எட்டாம் மாதத்தில் போகிறபோது பிள்ளை இன்னும் வயிற்றில் இருக்கிறது, பதற்றமில்லை. அப்போது கேட்கிற கேள்விகளிலேயே அந்த மருத்துவர் யார் என்று தெரிந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது? பிரசவ அறைக்கு வருவீர்களா? பால் போதவில்லை என்று தோன்றினால் முதலில் என்ன செய்யச் சொல்வீர்கள்? இந்த மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியம். எடையைப் பார்ப்போம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை சிறுநீர் போகிறது என்று பார்ப்போம், குழந்தை மார்பைப் பிடிக்கிற விதத்தைச் சரிசெய்வோம் என்கிறவரிடம் தாராளமாகப் போகலாம். டப்பாவின் பெயரைச் சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். தாய்ப்பாலுக்கு மாற்றான பால் பவுடரை விளம்பரம் செய்யவே கூடாது என்று 1992-இலேயே சட்டம் போட்ட நாடு இது. கிளினிக்கில் காய்ச்சல் பிள்ளைகளோடு சேர்த்துப் பச்சைக்குழந்தையையும் டோக்கன் போட்டு உட்கார வைக்கிறார்களா, தனி நேரம் தருகிறார்களா என்பதையும் அங்கேயே கண்ணால் பார்த்துவிடலாம். கர்ப்பகாலச் சர்க்கரை, தைராய்டு, ஆர்.எச். நெகட்டிவ் ரத்தம் இதில் எது இருந்தாலும் அந்தப் பைலைக் கட்டாயம் காட்ட வேண்டும். தாய்க்குச் சர்க்கரை இருந்தால் பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும். தெரிந்த மருத்துவர் அதற்குத் தயாராக இருப்பார்.

நம் வழக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. தலைப்பிரசவம் தாய்வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்குப் போவார்கள். ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரத் தடுப்பூசிகள் அம்மா ஊரில், ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி மாமியார் ஊரில். ஆகவே பார்த்துவைக்க வேண்டியவர் இரண்டு ஊரிலும் ஒவ்வொருவர். தடுப்பூசி அட்டையும் டிஸ்சார்ஜ் சீட்டும் குழந்தையோடு போக வேண்டும். அலமாரியில் நகையோடு வைத்துப் பூட்டிவிட்டுப் போகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறுகிறவர்களுக்கு மருத்துவரைத் தேர்ந்தெடுக்கிற வசதி ஏது என்று கேட்பார்கள். இல்லைதான். ஆனால் பிரசவம் பார்க்கிற இடத்துக்குப் பக்கத்தில் பச்சிளங்குழந்தை சிகிச்சைப் பிரிவு எங்கே இருக்கிறது, எத்தனை தூரம், 108-இல் ஏறினால் எங்கே கொண்டுபோவார்கள் என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேட்க முடியும். பெரும்பாலும் அவரிடம் பதில் இருக்கும். நிறைய தனியார் நர்சிங் ஹோம்களில் இல்லாத வசதி மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருக்கிறது என்பது அப்போதுதான் பல குடும்பங்களுக்குத் தெரியவரும்.

மகப்பேறு மருத்துவர்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. மாமியார் வாயை அடைக்க மருமகளால் முடியாது. லேடி டாக்டரால் முடியும். ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் சீட்டு எழுதுகிற அதே பேனாவால், 32-ஆம் வாரத்தில் "குழந்தை மருத்துவரைப் பார்த்துவிட்டு வரவும்" என்று ஒரு வரி எழுதுங்கள். உங்கள் நர்சிங் ஹோமுக்கு ராத்திரியில் வரும் குழந்தை மருத்துவரின் பெயரையும் எண்ணையும் பிரசவ பைலின் முதல் பக்கத்திலேயே அச்சடித்துக் கொடுங்கள். டாக்டரம்மா எழுதிக்கொடுத்துவிட்டால் எந்தப் பாட்டியும் அதை அபசகுனம் என்று சொல்லமாட்டார். ஸ்கேனுக்குக் கூட்டிப்போவது மாதிரி இதற்கும் அவரே கூட்டிப்போவார்.