ஊர் வரைந்த முகம்



பிழைப்புக்காக நாம் வந்து சேர்ந்த நகரங்களில் சுவர் என்றவுடன் என்ன நினைவுக்கு வருகிறது? தேர்தல் சின்னம், மூலநோய் மருத்துவரின் விலாசம், வாடகை வீட்டுத் தரகரின் தொலைபேசி எண், அதன்மேல் நாமே ஒட்டிய உபவாசக் கூட்டச் சுவரொட்டி. இம்மாதம் வேறொரு சுவரைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். அது ஸ்காட்லாந்து தேசத்தின் கிளாஸ்கோ நகரத்தில் உள்ளது.

கிளைடு ஆற்றங்கரையில் கப்பல் கட்டிப் பிழைத்த ஊர் அது. தொழிலாளர் குடும்பங்கள் நாலு மாடிக் கல் கட்டடங்களில் நெருக்கமாக வாழ்ந்தார்கள். பின்னாளில் அவற்றில் பல இடிக்கப்பட்டன. பக்கத்து வீடு போனபின் எஞ்சி நின்ற வீட்டின் பக்கச்சுவர், ஜன்னலில்லாமல் மொட்டையாய் வெளியே தெரியும். அப்படிப்பட்ட சுவர்களில்தான் 2017-ஆம் ஆண்டு, பில்லி கொனலி என்னும் நகைச்சுவையாளரின் 75-ஆம் பிறந்தநாளையொட்டி, மூன்று மாபெரும் உருவங்கள் எழும்பின.

அவர் 1942-இல் அவ்வூரின் ஆண்டர்ஸ்டன் பகுதியில் பிறந்தவர். தகப்பன் யுத்தத்துக்குப் போயிருந்தார். பிள்ளைக்கு நாலு வயதாகும்போது தாய் விட்டுப்போனாள். வளர்த்த அத்தைமாரில் ஒருத்தியின் கையால் பட்ட அடியும் அவமானமும், தகப்பன் திரும்பி வந்தபின் அவராலேயே நேர்ந்த கொடுமையும், 2001-இல் அவருடைய மனைவி எழுதிய புத்தகத்தின் மூலமாகத்தான் உலகத்துக்குத் தெரியவந்தன. அதுவரை அவர் ஜனங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். வாலிபத்தில் கப்பல் பட்டறையில் வெல்டிங் தொழிலாளி. உடன் வேலைசெய்தவர்களின் கிண்டலும் கொச்சைப் பேச்சுமே பிறகு அவருக்கு மூலதனமாயிற்று. பட்டணத்துக்கு வந்ததும் ஊர்ப்பேச்சை மறைத்துக்கொள்ளப் பாடுபடுகிற நமக்கு (நான் என்னையும் சேர்த்தே சொல்லுகிறேன்) இது யோசிக்கத்தக்கது. அவர் அந்தப் பேச்சை மாற்றாமலே லண்டன் தொலைக்காட்சிக்கும் அமெரிக்காவுக்கும் போனார்.

பிபிசி ஸ்காட்லாந்து நிறுவனம் ஜான் பைர்ன், ஜாக் வெட்ரியானோ, ரேச்சல் மக்லீன் என்னும் மூன்று ஓவியர்களிடம் அவருடைய உருவத்தைத் தீட்டச் சொன்னது. அவை ஆஸ்பார்ன் தெரு, டிக்சன் தெரு, கேலோகேட் ஆகிய மூன்று இடங்களில் பல மாடி உயரத்துக்குப் பெரிதாக்கப்பட்டன. வெட்ரியானோவின் படத்தில் அவர் வடகோடிக் கடற்கரையில் பெருங்காற்றில் தலைமயிர் பறக்க நிற்கிறார். அந்த ஆண்டே அவருக்கு 'சர்' பட்டமும் வந்தது.

ஆனால் ஒன்றை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. 1970-களில் இவரைப் பிரசித்தமாக்கிய கதைகளில் ஒன்று, ஆண்டவருடைய கடைசி இராப்போஜனமும் சிலுவைப்பாடும் கிளாஸ்கோவில், அதே கேலோகேட்டில், ஒரு மதுக்கடையில் தொடங்கியதாகச் சொல்லும் பரிகாசம். அவ்வூர்ப் போதகர் ஒருவர் தம் சபையாரோடு அரங்கத்தின் வாசலில் நின்று ஆண்டுக்கணக்காய் எதிர்ப்புத் தெரிவித்தார். இன்று கேலோகேட்டிலேயே பரிகாசம் பண்ணினவரின் உருவம் நிற்கிறது. நான் அங்கே வாழ்ந்திருந்தால் அந்தப் போதகரோடு நின்றிருப்பேனா? வாலிபத்தில் நிச்சயமாய் நின்றிருப்பேன். அந்தக் கதை இன்றைக்கும் எனக்கு வேதனைதான். என்றாலும், தாய் விட்டுப்போன அந்த நாலு வயதுப் பிள்ளையை அறிந்தபின், வாசலில் நின்று கூவ எனக்கு நா எழாது. அடிபட்ட அந்தப் பிள்ளையைத் தேடி, அந்நாளில் எந்தச் சபையாராவது அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்களா என்ற கேள்வி என்னை விடவில்லை.

2013-இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது தெரியவந்தது. 2018-இல் மேடையை விட்டுவிட்டார். பாஞ்சோ வாசித்த விரல்கள் இன்று அதற்கு இணங்குவதில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் குடியிருந்து படம் வரைகிறார். ஊரை விட்டுப் போய் அரை நூற்றாண்டு ஆகப்போகிறது; ஊரோ அவரைத் தன்னுடையவர் என்றே எழுதி வைத்திருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை, கோடை விடுமுறைக்கு மட்டும் திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் ரயிலேறுகிற நம்மில் பலருக்கு இது பொறாமையாகக்கூட இருக்கலாம்.

இன்னும் ஒரு செய்தி. ஆஸ்பார்ன் தெருச் சுவருக்கு முன்னிருந்த காலிமனையில் மாணவர் குடியிருப்புக் கட்டத் திட்டம் வந்தது. அது எழும்பினால் ஓவியம் மறைந்துவிடும் என்று ஊரார் வருந்தினார்கள். அதைத் தீட்டிய ஜான் பைர்ன் 2023-இல் மரித்தார், வெட்ரியானோ 2025-இல். கொனலி பிறந்த ஆண்டர்ஸ்டனோ முன்னமே நெடுஞ்சாலைக்காகப் பெரும்பாலும் இடிக்கப்பட்டது. அதன் வழியாய் இப்போது வாகனங்கள் ஓடுகின்றன.